முதலாளி டோக்கன்

மூன்று லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு ரூபாய்.

கம்பெனிக்குச் சாமுண்டீஸ்வரி தர வேண்டிய கடன் இது என்று லெட்டர் பேப்பரில் அடித்து, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடும் இழுத்து, மேசைமேல் தள்ளி வைத்தார் முதலாளி பரந்தாமன். பேனா மூடியைக்கூட அவரே கழற்றி வைத்திருந்தார்.

"படிச்சிட்டுப் போடறேன் சார்," என்றாள் சாமுண்டீஸ்வரி.

"இதுல படிக்கிறதுக்கு இன்னாம்மா கீது? ரூபா எவ்ளோன்னு போட்டிருக்கு. மாசம் ஆறாயிரம் சம்பளத்துல பிடிப்பாங்க. ஐம்பத்தேழு மாசம் ஆறாயிரம், ஐம்பத்தெட்டாவது மாசம் எழுநூத்திப் பதினெட்டு. ஒரேயடியா கட்டுன்னா சொன்னேன்?"

"நான் எழுத்துக் கூட்டித்தான் சார் படிப்பேன். நேரம் ஆவும். ஊட்டுக்கு எடுத்துகினு போறேன்."

பரந்தாமன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று செவ்வாய்க்கிழமை. "வெள்ளிக்கெழம காலைல கையெழுத்தோட என் டேபிளுக்கு வரணும். வரலன்னா வேலைக்கும் வராத."

அவள் தாளை நாலாக மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

சம்பளம் பதினாலாயிரத்து ஐந்நூறு. ஆறாயிரம் பிடித்துக்கொண்டால் எட்டாயிரத்து ஐந்நூறு. சேக்காட்டில் வீட்டு வாடகை ஐயாயிரம். மீதியில் அரிசி, கேஸ், கரண்ட், முட்டிவலி மாத்திரை. இந்தக் கணக்கு அவளுக்குப் படியிறங்கி முடிப்பதற்குள் வந்துவிட்டது. அதைவிடப் பெரிய வலி, மடிக்கும்போது கண்ணில் பட்ட ஒரு வார்த்தை. 'எனது கவனக்குறைவால்' என்று அடித்திருந்தது. மண் சுமந்த தலையில் இதையும் சுமக்கச் சொல்கிறார்கள்.

அந்தக் கம்பெனி மண்ணூர்பேட்டையில், அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டின சந்தில், ஒரு ஸ்பிரிங் பட்டறைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. வெள்ளானூரில் அப்பா விட்டுப்போன நிலத்தை மனை போட்டு விற்ற பணத்தில் பரந்தாமன் ஆரம்பித்தது. உள்ளே ஏசி போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு மெஷின். பீரோவில் பாதி உயரம், முன்பக்கம் முழுக்கப் பச்சை விளக்கு. டெலிபோன் சர்வர் என்பார்கள். ஒரே நேரத்தில் நூறு பேருக்குப் போன் போடும். 'உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை', 'உங்கள் சிலிண்டர் நாளை வரும்', 'ரத்தப் பரிசோதனை முடிவு தயார்' என்று நமக்கெல்லாம் ஒரு பெண் குரல் பேசுகிறதே, அந்தக் குரல் இந்த மாதிரி மெஷினிலிருந்து வருவதுதான்.

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் இன்டர்நெட் வழியாக வந்து இந்த மெஷினிடம் 'இந்த நம்பருக்குப் போடு, இதைச் சொல்லு' என்று கேட்கும். மெஷின் உடனே போட்டுவிடாது. 'நீ யாரு? டோக்கன் காட்டு' என்று கேட்கும். டோக்கன் என்றால் முப்பத்திரண்டு எழுத்தும் எண்ணும் கலந்து கட்டின ஒரு நீளச் சரம். சரியாக இருந்தால் போன் போகும். ஒரு எழுத்து பிசகினாலும் கதவு சாத்திக்கொள்ளும். போன் போகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் டெலிபோன் கம்பெனிக்காரன் பில் போடுவான். அதனால் டோக்கன் வேறு ஆள் கைக்குப் போனால், அந்த ஆள் பேசின பேச்சுக்கெல்லாம் இவர்கள் பணம் கட்ட வேண்டும்.

அந்த டோக்கன்களைப் போடுவது, உரியவர்களுக்குக் கொடுப்பது, காலம் முடிந்ததும் சாகடிப்பது, மூன்றும் சாமுண்டீஸ்வரி வேலை.

அவள் இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. பெருக்க வந்தவள். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் கேபிள் கான்ட்ராக்டரிடம் மண் சுமந்தாள். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் ரோட்டோரத்தில் எந்த இடத்தில் எத்தனை அடி ஆழத்தில் கேபிள் போகிறது என்று இன்றைக்கும் அவளால் சொல்ல முடியும். முப்பத்தெட்டு வயதில் சேக்காடு பள்ளிக்கூடத்துச் சாயங்கால வகுப்பில் தமிழ் எழுத்துப் படித்தாள். இங்கிலீஷ் எழுத்தைச் சொல்லித்தர யாரும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று வண்டி நம்பர்களைப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். சின்ன எழுத்தை மருந்துச் சீட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் பிடித்தாள்.

அப்போது இங்கே இன்ஜினியராக இருந்தது கிருஷ்ணப்பிரியா என்ற பெண். ஒருநாள் மெஷின் ரூமைத் துடைக்கும்போது, "இன்னாம்மா இது, கண்ண மூடிகினு தட்டன மாதிரி எழுத்து கீது?" என்று சாமுண்டீஸ்வரி கேட்டாள். அந்தப் பெண் விளக்கிச் சொன்னது. கேட்டுவிட்டு அவள், "பவுண்டரி வாசல்ல பித்தள வில்ல குடுப்பாங்களே, அதுவா? உள்ள போறப்ப வாங்கணும், வெளிய வர்றப்ப ஆணில மாட்டணும். தொலைச்சிட்டா அந்த நம்பரையே அடிச்சிருவாங்க," என்றாள். "அதேதான் அக்கா," என்றது கிருஷ்ணப்பிரியா. அடுத்த வாரம் அவளுக்கு ஒரு லாகின் போட்டுக் கொடுத்தது. "படிச்சவங்ககிட்ட குடுத்தா அப்புறம் பாத்துக்கலாம்னு உட்டுடறாங்க அக்கா. நீங்க பாத்துக்குங்க."

கிருஷ்ணப்பிரியா பெங்களூருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. பதிலுக்கு வந்த ஜெகனுக்கு ஆயிரம் வேலை. டோக்கன் தொல்லை தன் தலைக்கு வராததில் அவனுக்கு நிம்மதி.

சாமுண்டீஸ்வரி வைத்ததுதான் சட்டம். ஒரு கஸ்டமருக்கு ஒரு டோக்கன். அதற்கு முப்பது நாள் ஆயுசு. எந்த ஊர் நம்பருக்குப் போகலாம், ஒரு நாளைக்கு எத்தனை போன் என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை. முடிவதற்கு ஐந்து நாள் முன்னால் புதுசு போடுவாள். கஸ்டமர் தன் பாஸ்வேர்டோடு உள்ளே வந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டாள். போனில் படித்துக் காட்ட மாட்டாள். பூந்தமல்லியில் தண்ணீர் கேன் ஏஜென்சி வைத்திருந்த சுலைமான் பாய்க்கும் அவளுக்கும் மாதா மாதம் இதில் சண்டை.

"யக்கா, நான் வண்டில கீறேன். அந்த எழுத்த நீயே சொல்லேன், பையன் எழுதிக்குவான்."

"எழுதிக்குவான் பாய், அப்பால அந்த சீட்டு எங்க கெடக்கும்? உன் கேன் கடைல தண்ணில மெதக்கும். ஊட்டுக்குப் போய் எடுத்துக்க."

"என்னையே நம்ப மாட்டியா?"

"உன்ன நம்பறேன். உன் சீட்ட நம்ப மாட்டேன்."

"நல்லா வெச்சாங்கப்பா ஒரு வாட்ச்மேன!" என்று அவர் திட்டிவிட்டுப் போனை வைப்பார். மூன்று வருஷத்தில் ஒரு கஸ்டமர் டோக்கன்கூட வெளியே போனதில்லை. இது அவளுக்கு மட்டும் தெரிந்த பெருமை. வெளியே சொன்னால் யாருக்கும் புரியாது. போகாத ஒன்றை எப்படிக் காட்டுவது?

அவள் சட்டத்துக்கு அடங்காதது ஒன்றே ஒன்று. முதலாளி டோக்கன். பரந்தாமனின் மகன் இளங்கோ அமெரிக்காவில் இருக்கிறான். மெஷின் வழியாகப் போட்டால் அவனோடு மலிவாகப் பேசலாம் என்று, கிருஷ்ணப்பிரியா இருந்தபோதே அவருக்கென்று ஒன்று போட வைத்தார். அதற்கு ஆயுசு இல்லை, எல்லை இல்லை. எந்த நாட்டுக்கும் போகும். சாமுண்டீஸ்வரி இரண்டு தடவை, "இதையும் மாத்திரலாம் சார், மாசம் ஒரு வாட்டி," என்று சொல்லிப் பார்த்தாள்.

"இது என் மெஷின். எனக்கே கேட் பாஸா?" என்றார் பரந்தாமன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன வாரம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. லீவுக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலமே கம்பெனியில் படைத்தார்கள். மெஷினுக்கு மாலை. சந்தனம் தெளிக்கிறேன் என்று காற்றோட்ட ஓட்டைப் பக்கம் போன ஜெகன் கையை சாமுண்டீஸ்வரி பிடித்து நிறுத்தினாள். பொரி கடலையைப் பொட்டலம் கட்டியதும் அவள்தான், வாசலில் பூசணிக்காயை வாரிப் போட்டதும் அவள்தான். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கம்பெனி பூட்டிக் கிடந்தது.

திங்கட்கிழமை திறந்தபோது வெளியே எந்தப் போனும் போகவில்லை. டெலிபோன் கம்பெனியே லைனை நிறுத்தி வைத்திருந்தது. பெயர் தெரியாத நாடுகளுக்கெல்லாம் மூன்று நாளில் ஆயிரக்கணக்கான போன் போயிருந்தது. அந்த மூன்று லட்சத்துச் சொச்சத்துக்கு பில் வந்து நின்றது. ஜெகன் வெளிநாட்டு வழியை அடைத்துவிட்டு, உள்நாட்டு லைனை மட்டும் கெஞ்சித் திறக்க வைத்தான். பிறகு பதிவைப் பார்த்தான். 'டோக்கன் போட்டவர்' என்ற இடத்தில் சாமுண்டீஸ்வரி பெயர் இருந்தது. கிருஷ்ணப்பிரியா போனபோது அந்தப் பெண் பெயரில் இருந்ததெல்லாம் இவள் பெயருக்கு மாறியிருந்தது. அவன் அதற்கு மேல் பார்க்கவில்லை.

"வெளிநாட்டுக்குப் போற டோக்கன் ஒண்ணுதான் தம்பி. அது சாரோடது," என்று அவள் சொன்னாள்.

"என் டோக்கன் என் போனுக்குள்ள இருக்கு. போன் என் பாக்கெட்டுல இருக்கு," என்றார் பரந்தாமன். "நீ எங்க உட்டியோ?"

அவளுடைய லாகினை நிறுத்தினார்கள். மெஷின் ரூம் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அந்தத் தாள் வந்தது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவள் பழையபடி துடைப்பம் பிடித்தாள். அதில் அவளுக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மெஷினைப் பார்ப்பதுதான் முடியவில்லை. சுலைமான் பாய் டோக்கன் வெள்ளிக்கிழமை முடிகிறது, யார் போட்டுக் கொடுப்பார்கள் என்று வேறு கவலை.

வெள்ளிக்கிழமை காலை. ஆவடி ஸ்டாண்டில் அவள் புருஷன் துலுக்காணம் தன் ஷேர் ஆட்டோவில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். "அம்பத்தூர், எஸ்டேட், மண்ணூர்பேட்ட!" என்று கத்திக்கொண்டே முன் சீட்டில் இருந்த பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாமே, மூஞ்ச இப்டி வெச்சிகினு குந்தினா எவன் ஏறுவான்? சாவு ஊட்டுக்குப் போற வண்டின்னு நெனைப்பான்."

"கையெழுத்துப் போடப் போறேன்யா."

"போட்டுட்டுப் போ. அஞ்சு வருசம் ஒரு வேள கஞ்சி குடிச்சா கட்டிறலாம். எனக்குத் தொப்பையும் கொறையும்."

"துட்டு இல்லய்யா. நான் செஞ்சேன்னு எழுதிகீது. எங்கப்பன் முனியன் வெள்ளானூர்ல எவன் நீட்டுன தாளுக்கும் கைநாட்டு வெச்சான். இன்னா எழுதிருந்துச்சுன்னு சாவற வரைக்கும் அவனுக்குத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியுது. படிச்சிட்டு, பொய்யின்னு தெரிஞ்சிகினே நான் எப்டி வெப்பேன்?"

துலுக்காணம் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தான். பின்னால் மூன்று பேர் ஏறிவிட்டார்கள், இன்னும் இரண்டு பேர் வர வேண்டும். முன்கண்ணாடிக்குக் கீழே மாட்டியிருந்த போனை எடுத்து அவள் மடியில் போட்டான். "இந்தா, உன் போட்டோவப் பாரு. மூஞ்சி எப்டி சோக்கா கீது. இத வெச்சிகினுதான் நான் ஸ்டாண்ட் பூரா பீத்திகினு கீறேன், என் பொண்டாட்டிதான் அந்த மெஷினுக்கே மேனேஜர்னு."

போனைத் திறந்தால் முதலில் தெரிகிற படமாகவே அதை வைத்திருந்தான். ஆயுத பூஜை போட்டோ. கம்பெனியின் பேஸ்புக் பக்கத்தில் பரந்தாமன் போட்டிருந்ததை எடுத்திருக்கிறான். மாலை போட்ட மெஷின், பக்கத்தில் மாம்பழ மஞ்சள் சேலையில் சாமுண்டீஸ்வரி.

அவள் தன் மூஞ்சியைப் பார்க்கவில்லை. ஐந்து நாளாகக் கிட்டப் போக முடியாத மெஷினைப் பார்த்தாள். அந்தப் பச்சை விளக்குகளைக் கிட்டத்தில் பார்க்க ஆசையாக இருந்தது. இரண்டு விரலால் படத்தை விரித்தாள். விளக்குகள் வந்தன. மாலை வந்தது. மாலைக்குக் கீழே, வாழைப்பழச் சீப்பில் சாய்த்து வைத்த ஒரு தாள் வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள், உச்சியில் பிள்ளையார் சுழி. பூஜையன்று அதை அவள் பார்த்தாள்தான். பில் ஏதோ வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். சாமிக்கு முன்னால் வைத்ததை யார் போய்ப் படித்துப் பார்ப்பார்கள்?

இன்னும் விரித்தாள். தாளில் ஒரே ஒரு வரி, கொட்டை எழுத்தில். ஏழு. பெரிய கே. சின்ன டி. ஒன்பது.

சாமுண்டீஸ்வரி போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தாள். கம்ப்யூட்டர் லிஸ்டில் எந்த டோக்கனுக்கும் முதல் நாலு எழுத்துதான் தெரியும். ஏழு, பெரிய கே, சின்ன டி, ஒன்பது என்று ஆரம்பிப்பது முதல் வரியில் இருக்கும் முதலாளி டோக்கன். விரலை வைத்து எண்ணினாள். முப்பத்திரண்டு. தப்பாக எண்ணினோமோ என்று மறுபடி எண்ணினாள். முப்பத்திரண்டு.

கம்பெனியின் மூலதனம் இதுதான் என்று, கல்லாச் சாவியை வைப்பதுபோல மனுஷர் டோக்கனை அச்சடித்துச் சாமிக்கு வைத்திருக்கிறார். வைத்துவிட்டு ஊருக்கே போட்டோ பிடித்துக் காட்டியிருக்கிறார். இருநூறு பேர் அதற்கு லைக் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த எவனோதான் மூன்று நாளும் போன் போட்டிருக்கிறான். படம் இன்னும் அங்கேயே இருந்தது.

"யோவ், பேனா குடு!"

"இன்னாமே ஆச்சு?"

"பேனா குடுன்றேன்!"

வண்டி கிளம்பக் காத்திருந்த பின் சீட்டுக்காரர் ஒருவர் தன் சட்டைப் பாக்கெட்டிலிருந்து பேனாவை நீட்டினார். எழுதத் தாள் வேண்டும். டிபன் பையிலிருந்து அந்தக் கடன் தாளை எடுத்துத் திருப்பி, முதுகுப் பக்கம் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பெரியது பெரியதாக, சின்னது சின்னதாக. பிறகு தன் போனில் ஜெகனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, சார் டோக்கன் வெளிய கெடக்குது. ஒடனே சாகடி."

"அக்கா, அதெல்லாம் வெளிநாட்டு லைன மூடிட்டேன். உங்களுக்கு இப்ப அந்த வேலை இல்ல. கையெழுத்துப் போட்டீங்களா?" என்றான் ஜெகன். பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டான்.

"வண்டிய எடுய்யா."

"இன்னும் ரெண்டு பேரு..."

"அந்த ரெண்டு பேருக்கு நான் காசு தரேன். எடு!"

துலுக்காணம் கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் இந்தக் குரலைக் கேட்டதில்லை. சீட்டில் பாதி உடம்போடு கிளப்பிவிட்டான்.

பரந்தாமன் அறையில் கணக்கு பார்க்கும் லாவண்யாவும் ஜெகனும் இருந்தார்கள். காக்கிச் சட்டையோடு துலுக்காணமும் மாடியேறி வந்து கதவோரம் நின்றான். பரந்தாமன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கொண்டாந்தியா?" என்று கையை நீட்டினார்.

"கொண்டாந்தேன் சார். ஒரு போன் போட்டுட்டுத் தரேன்."

துலுக்காணத்தின் போனை வாங்கி, கஸ்டமர்களுக்குச் சோதித்துப் பார்க்கக் கொடுக்கும் பக்கத்தைத் திறந்தாள். அதில் மூன்று கட்டம். டோக்கன், யாருக்கு, என்ன சொல்ல வேண்டும். தாளின் முதுகைப் பார்த்து ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தாள்.

ஜெகன் சிரித்தான். "அக்கா, உங்க லாகினத்தான் நிறுத்திட்டோமே. எதுக்குக் கஷ்டப்படறீங்க?"

"லாகின் வேணாம் தம்பி. டோக்கன் இருந்தா போதும். அதான விசயமே."

முப்பத்திரண்டு எழுத்தையும் தட்டி முடிக்க நேரம் ஆனது. லாவண்யா கடிகாரத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதையும் தட்டி, அனுப்பு என்பதை அமுக்கினாள். பத்து எண்ணுவதற்குள் மேசைமேல் இருந்த பரந்தாமனின் போன் அடித்தது. கம்பெனி நம்பர்.

"எடுங்க சார். ஸ்பீக்கர்ல போடுங்க."

பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேசுகிற அதே பெண் குரல், அவசரமில்லாமல் பேசியது. "வணக்கம். இது முதலாளி டோக்கனில் வரும் அழைப்பு. அனுப்புவது சாமுண்டீஸ்வரி. என்னிடம் லாகின் இல்லை. ஆட்டோக்காரர் போனிலிருந்து அனுப்புகிறேன். நன்றி."

ஜெகனின் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"உனக்கு எப்டி..." என்று ஆரம்பித்தார் பரந்தாமன்.

"சொல்றேன் சார். மொதல்ல இத சாகடிக்கணும். அப்பால என்னைத் திட்டுங்க. தம்பி, என் லாகினத் தொற."

ஜெகன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி தலையாட்டினார். லாகின் திறந்தது. சாமுண்டீஸ்வரி லாவண்யாவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து லிஸ்டின் முதல் வரிக்குப் போய், ரத்து என்பதை அமுக்கினாள். உறுதியா என்று மெஷின் கேட்டது. உறுதி என்றாள், வாய்விட்டே. மறுபடி போன் போட்டுப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது.

அதற்குப் பிறகுதான் போட்டோவைக் காட்டினாள். விரித்து, தாளைப் பெரிதாக்கி, மஞ்சள் தடவின மூலையிலிருந்து ஆரம்பித்து, பிள்ளையார் சுழியைத் தாண்டி, எழுத்துகளில் விரலை நிறுத்தினாள்.

பரந்தாமன் போனை வாங்கிக் கிட்டத்தில் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். லாவண்யா தன் போனில் கம்பெனிப் பக்கத்தைத் திறந்து படத்தைச் சத்தமில்லாமல் நீக்கினாள்.

"சாமிக்கு வெச்சேன்மா," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "தெரிஞ்சா வெச்சேன்?"

"தெரிஞ்சி வெச்சீங்கன்னு நான் சொல்லல சார். நான் வெக்கலன்னு சொல்றேன்."

"போட்டவர்னு உங்க பேர் இருந்துச்சு அக்கா," என்றான் ஜெகன், தரையைப் பார்த்தபடி. "எந்த டோக்கன்னு அடுத்த கட்டத்தப் பாக்கல. தப்புதான்."

"பக்கத்துக் கட்டம்தான் தம்பி. அரை இஞ்சு."

பரந்தாமன் கடன் தாளைத் தன் பக்கம் இழுத்தார். சிவப்புப் பேனாவால் குறுக்கே ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "இந்தா. சரியாப் போச்சா? போய் வேலையப் பாரு."

சாமுண்டீஸ்வரி தாளை வாங்கிப் படித்தாள். த, ள், ளு, ப, டி. தள்ளுபடி செய்யப்பட்டது.

கதவோரம் துலுக்காணம் பெருமூச்சு விட்டு நெற்றி வேர்வையைத் துடைத்தான். அவள் நகரவில்லை.

"இது வேணாம் சார்."

"இன்னாம்மா வேணாம்? துட்டே கட்ட வேணாம்னு எழுதிட்டேன்."

"தள்ளுபடின்னா நான் பட்ட கடன நீங்க பாவம்னு உட்டாமாதிரி ஆவுது. மேல என் கவனக்கொறைவுன்னு அடிச்சது அப்டியே கீது. நாளைக்கு எவன் எடுத்துப் படிச்சாலும் இந்தப் பொம்பள மூணு லட்சத்த தொலைச்சா, மொதலாளி நல்லவரு, மன்னிச்சாருன்னுதான் படிப்பான்."

"யம்மே, உடேன்," என்றான் துலுக்காணம் மெல்ல. வேலை போய்விடும் என்று அவனுக்குப் பயம். அவளுக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பரந்தாமனின் முகம் சிவந்தது. வெள்ளானூரில் நாலு தலைமுறை நிலம் வைத்திருந்த வீட்டு மனிதர். தன் மேசைக்கு எதிரே நின்று, எழுதினது சரியில்லை என்று இதுவரை ஒருவர் சொன்னதில்லை. "அப்ப இன்னாதான் எழுதச் சொல்ற?"

"நடந்தத எழுதுங்க சார்."

லாவண்யா எழுந்து, கம்பெனி பெயர் போட்ட ஒரு புதுத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். யாரும் அவளை எடுக்கச் சொல்லவில்லை. பரந்தாமன் அவளை முறைத்தார். பிறகு தாளைப் பார்த்தார். பிறகு போனில் இன்னும் விரித்தபடி கிடந்த மஞ்சள் மூலையைப் பார்த்தார். கறுப்புப் பேனாவை எடுத்தார்.

எழுதி முடித்து நீட்டியபோது சாமுண்டீஸ்வரி சுட்டுவிரலை ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே வைத்து, உதடசைத்துப் படித்தாள். 'ரூபாய் 3,42,718. என் டோக்கனை நான் வெளியே காட்டியதால் வந்த செலவு. சாமுண்டீஸ்வரிக்கு இதில் கடனும் இல்லை, தவறும் இல்லை. கம்பெனி கட்டும். பரந்தாமன்.' நாலு வரி. அவள் முடிக்கும்வரை நாலு பேரும் காத்திருந்தார்கள். அவளும் அவசரப்படவில்லை. முழுக்கப் படித்தபின் முதல் வரிக்குப் போய் எண்ணை மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.

"சரியா கீது சார்."

பழைய தாளை நாலாகக் கிழித்தார் பரந்தாமன். கிழித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "இளங்கோவுக்கு நான் இனிமே எப்டிப் பேசறது?" என்று கேட்டார்.

"புதுசு ஒண்ணு போடறேன் சார். இளங்கோ தம்பி நம்பருக்கு மட்டும் போவும். முப்பது நாளு. முடியறதுக்கு அஞ்சு நாள் முன்னால நானே சொல்றேன், நீங்க உள்ள வந்து எடுத்துக்கணும்."

"எனக்குமா?"

"எல்லாருக்கும் சார்."

ஜெகன் மெஷின் ரூம் சாவியை அவள் கையில் வைத்தான். மணி பதினொன்று ஆகியிருந்தது. அவள் சுலைமான் பாய்க்குப் புது டோக்கன் போட்டுக்கொண்டிருந்தபோது, முதலாளி அறையில் லாவண்யா அவரிடம் கேட்டது காதில் விழுந்தது, கம்பெனி கணக்கிலிருந்து டெலிபோன் கம்பெனிக்கு மூன்று லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு அனுப்பிவிடலாமா, செலவை யார் பேரில் எழுதுவது என்று.

"என் பேர்லதான்," என்றார் பரந்தாமன். "கட்டிரு."

லாவண்யா கட்டினாள்.